வேற மாத்திரை எதுவும் இல்லைங்க

டேய் கண்ணா, இதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு நீ வேலையைப் பார்க்கப் போயிருப்பாய். போனில் சொல்லலாம் என்றால், டாக்டர் என்ற சொல் என் வாயிலிருந்து பாதி வரும்போதே "மீட்டிங்மா" என்று வைத்துவிடுகிறாய். அதனால் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். புனே வரைக்கும் கூரியர் வந்திருக்கிறதே, இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்த அம்மா உயில் எழுதிவிட்டாளோ என்று பதறாதே. நான் நன்றாக இருக்கிறேன். காலையில் கள்ளிக்குப்பம் முனை வரைக்கும் நடந்து போய், வாழைப்பூவுக்குப் பேரம் பேசி, வாங்காமலேயே திரும்பி வருகிற அளவுக்கு நன்றாக இருக்கிறேன். நான் சொல்லப் போவது வேறு. ஒரு வாரமாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உங்கப்பாவிடம் அதையே நாலு முறை சொல்லி, ஐந்தாவது முறை ஆரம்பித்தபோது அவர் டிவி சத்தத்தைக் கூட்டிவிட்டார். பத்து வருஷமாக நம் வீட்டில் யாருக்கும் விடை தெரியாமல் கிடந்த ஒரு கேள்விக்கு விடை கிடைத்திருக்கிறது. அது என் நெஞ்சுவலி வழியாக வந்ததுதான் வேடிக்கை.

போன மாதம் நீ பேசியது உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. "கொஞ்ச நாளா காலைல எழுந்துக்கவே தோண மாட்டேங்குதும்மா. பழையபடி ஆயிடுமோன்னு பயமா கீது" என்றாய். ஆபீசுக்குப் போய் வருவதே மலையைத் தூக்குவது மாதிரி இருக்கிறது என்றாய். நான் ஒரு நல்ல டாக்டரைப் பார் என்றதும் உன் குரல் மாறிவிட்டது. "அந்த மாத்திரை எனக்கு ஒத்துக்காதுன்னு உனக்கே தெரியுமில்ல? செத்தாலும் திரும்ப அந்தப் பக்கம் போமாட்டேன்" என்றாய். நீ சாதாரணமாகச் சொன்ன அந்தச் 'செத்தாலும்' என்ற வார்த்தை அன்றிலிருந்து என் காதை விட்டுப் போகவில்லை. இந்தக் கடிதம் முழுக்க அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் தரும் பதில். முழுதாகப் படி. நடுவில் எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும், உனக்குக் கோபம் வரும். இரண்டையும் தாண்டிப் படி.

உன் அம்மா எப்பேர்ப்பட்டவள் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறேன். பதினெட்டு வருஷம் மெடிக்கல் ஷாப் கவுண்டரில் நின்றவள். டாக்டர் எழுதிய கோழிக்கிறுக்கலை ஒரே பார்வையில் படிப்பேன். அட்டையைக் கத்தரித்து, பழுப்பு கவரில் போட்டு, காலை, மதியம், இரவு என்று அச்சடித்த மூன்று கட்டங்களிலும் ஒன்று, அரை என்று பேனாவால் எழுதி நீட்டுவேன். நான் மருந்தாளுநர் படிப்புப் படிக்கவில்லை, அந்தச் சான்றிதழ் முதலாளியின் தலைக்கு மேல் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. ஆனால் தெருவில் யாருக்குத் தலை வலித்தாலும் என்னைத்தான் கேட்டார்கள், எனக்கும் அதில் கொள்ளைப் பெருமை. எங்கள் கடையில் ஒரு பழக்கம் உண்டு. எந்தச் சீட்டு வந்தாலும் கடைசியில், "கூட ஒரு கேஸ் மாத்திரை போட்டுக்கோங்க, வயிறு எரியாது" என்போம். அதை மருந்து என்று நாங்கள் நினைத்ததே இல்லை. நம் வீட்டில் அந்த அட்டை எங்கே இருந்தது, ஞாபகம் இருக்கிறதா? சமையலறையில் உப்பு ஜாடிக்கும் புளி டப்பாவுக்கும் நடுவில். உங்கப்பா பரோட்டா தின்றால் ஒன்று, எனக்குக் காலையில் டீக்கு முன் ஒன்று, நீ சாப்பிடாமல் ஸ்கூலுக்கு ஓடினால் உனக்கும் ஒன்று. உப்பு, புளி, கேஸ் மாத்திரை. அப்படித்தான் அது நம்மோடு குடித்தனம் நடத்தியது.

நீ பிளஸ் ஒன் படித்த வருஷம் உனக்கு என்ன ஆனது என்று எங்களுக்குப் புரியவே இல்லை. ஒரு காரணமும் இல்லை. யாரும் திட்டவில்லை, பரீட்சையில் பெயிலாகவில்லை, காதல் என்றுகூட ஒன்றும் இல்லை. உங்கப்பா அதையும் விசாரித்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று தெரிந்ததும் கொஞ்சம் ஏமாந்தே போனார். பழுதான ஹெட்போனையெல்லாம் வாங்கி வந்து பிரித்து ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளை, சுவரைப் பார்த்துப் படுத்தால் படுத்ததுதான். முட்டைப் பொரியல் ஆறிக் கிடக்கும். "இன்னாடா ஆச்சு" என்று கேட்டால், "ஒண்ணும் இல்லமா, ஒண்ணுமே இல்லாத மாதிரி கீது" என்பாய். நான் என்ன செய்தேன்? பழியைத் தூக்கி உன் சித்தப்பாவின் தலையில் போட்டேன். "உங்க ஊட்டு ரத்தம்தான் இப்படி. உங்க தம்பியும் இப்படித்தான் மூலையில குந்திகினு இருந்தாரு" என்று உங்கப்பாவைக் குத்திக்கொண்டே இருந்தேன். அவர் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் மெஷினோடு மல்லுக்கட்டிவிட்டு வருபவர், பதிலே பேச மாட்டார். இதைக் குறித்து வைத்துக்கொள், பின்னால் வரும்.

அம்பத்தூரில் யார் கண்ணிலாவது பட்டுவிடுவோம் என்று பயந்து, இரண்டு பஸ் மாறிப் பூந்தமல்லிக்கு உன்னைக் கூட்டிப் போனோம். அங்கே மனநல டாக்டரம்மா ஒருவர் இருந்தாரே, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டிருப்பார், உன்னிடம் மெதுவாகப் பேசுவார். எல்லாம் விசாரித்துவிட்டு, மனச்சோர்வுக்கு எஸிடலோபிராம் என்று ஒரு மாத்திரை எழுதினார். சின்னப் பையன், முதல் சில வாரம் கவனமாகப் பாருங்கள், படபடப்போ தவிப்போ புதிதாக வந்தால் உடனே எனக்குச் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று இரண்டு முறை சொன்னார். எழுதுவதற்கு முன்னால், "தம்பி வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறாரா?" என்று கேட்டார். நீ என்னைப் பார்த்தாய். நான், "வேற மாத்திரை எதுவும் இல்லைங்க" என்றேன். கண்ணா, அப்போது என் கைப்பையில் கேஸ் மாத்திரை அட்டை இருந்தது. அன்று காலை வெறும் வயிற்றில் உனக்கு ஒன்று கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறினோம். நான் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. உப்பு சாப்பிடுகிறானா என்று கேட்டால் எப்படி நினைவு வராதோ, அப்படி அது எனக்கு நினைவுக்கே வரவில்லை.

இரண்டாவது வாரம் உனக்குத் தவிப்பு ஆரம்பித்தது. உட்கார மாட்டாய், படுக்க மாட்டாய், ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாய். சாப்பிட உட்கார்ந்தால் கால் தானாக ஆடும். ஒரு நாள் நான் தோசை வார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் வந்து நின்று, "அம்மா, மாத்திரை போட்டதுலர்ந்து உள்ள யாரோ ஓடிகினே கீறாங்கமா. நான் நின்னாலும் அவன் நிக்க மாட்டேங்குறான்" என்றாய். அரையாண்டுப் பரீட்சைக்குப் பத்து நாள் இருந்தது. நான் தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "நடிக்காதே. பரீட்சைன்னா உனக்கு உடம்புல எல்லாம் வரும்" என்றேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ போய்விட்டாய். அதற்குப் பிறகு உன் உடம்பைப் பற்றி நீ என்னிடம் தானாக எதுவும் சொன்னதில்லை. பத்து வருஷம் கழித்துப் போன மாதம்தான் முதல் தடவையாகச் சொன்னாய், அதையும் நான் டாக்டர் என்ற ஒரே சொல்லால் கெடுத்துக்கொண்டேன்.

அடுத்த முறை பூந்தமல்லி போனபோது நடந்தது இன்னும் மோசம். டாக்டரம்மா உன்னைத்தான் கேட்டார், "எப்படிப்பா இருக்கே" என்று. நீ வாயைத் திறந்தாய், நான் முந்திக்கொண்டேன். மெடிக்கல் ஷாப்காரி அல்லவா, எனக்குத்தானே எல்லாம் தெரியும். "அதிகமாயிடுச்சுங்க. தூக்கம் இல்ல, எரிஞ்சு எரிஞ்சு விழறான், ஒரு இடத்துல குந்த மாட்டேன்றான்" என்றேன். மாத்திரை போட்ட பிறகுதான் இது வந்தது என்று நீ சொல்ல நினைத்த அந்த ஒரு விவரத்தை நான் சொல்லவில்லை. நோய்தான் முற்றுகிறது என்று நினைத்து அவர் அளவைக் கூட்டினார். மாத்திரை கூடியதும் உனக்கு வயிறு எரிந்தது. வயிறு எரிந்ததும் நான் கேஸ் மாத்திரையைக் காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு ஒன்று என்று ஆக்கினேன். இதை எழுதும்போது என் கையை நானே ஒரு தட்டு தட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பிறகு அந்தப் பரீட்சை நாள். முக்கால் மணி நேரத்தில் பேப்பரை வைத்துவிட்டு நீ ஹாலை விட்டு எழுந்து போய்விட்டாய் என்று ஸ்கூலிலிருந்து போன் வந்தது. நான் கடையில் இருந்தேன், உடனே உங்கப்பாவுக்குப் போன் போட்டேன். உங்கப்பா ஷிப்டில் பாதியில் கிளம்பி, கண்ட இடமெல்லாம் தேடி, கடைசியில் கொரட்டூர் ஏரிக்கரையில் உன்னைக் கண்டுபிடித்தார். வெயிலில் நீ கரைமேல் போவதும் திரும்புவதுமாக நடந்துகொண்டிருந்தாயாம். அவர் என்னிடம் இதைப் பல வருஷம் சொல்லவில்லை, போன வாரம்தான் சொன்னார். வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "இன்னா நைனா, இங்க இன்னா பண்றே?" என்று கேட்டாராம். "நின்னா வெடிச்சுடுவேன்பா. நடந்துகினே இருந்தாத்தான் தாங்குது" என்றாயாம். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. "சரி வா, நடப்போம்" என்று உன்னோடு சேர்ந்து நடந்தாராம். எண்ணெய்க் கறை படிந்த யூனிபார்மோடு, பரீட்சை அட்டையை ஒரு கையில் வாங்கிப் பிடித்துக்கொண்டு, ஒன்றரை மணி நேரம். பதினெட்டு வருஷ அனுபவம் எனக்கு இருந்தது, நீ சொன்னதை அப்படியே நம்பிய புத்தி அவருக்கு இருந்தது.

அன்று சாயங்காலமே மாத்திரையை எல்லாம் அள்ளிக் குப்பையில் போட்டேன். டாக்டரைக் கேட்கவில்லை. நீங்களாக நிறுத்தாதீர்கள் என்று அவர் சொன்னது காதில் இருந்தது, இருந்தும் கோபம் கண்ணை மறைத்துவிட்டது. ஒரே நாளில் நிறுத்தியதால் ஒரு வாரம் தலைக்குள் கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கிறது என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாய். ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்த அந்தப் பதினாறு வயசுப் பையன் அந்த வாரம் தப்பித்தது எங்கள் சாமர்த்தியம் இல்லை, அதிர்ஷ்டம். ஒரு வருஷம் போனது. நீயாகவே மெல்ல மெல்ல மேலே வந்தாய், பழைய ஹெட்போன் ஒன்றைக் கையில் எடுத்தாய், நான் சாமிக்குத் தேங்காய் உடைத்தேன். இவனுக்கு மருந்து ஒத்துக்காது என்று நம் வீட்டில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. அந்தத் தீர்ப்பைத்தான் நீ புனே வரைக்கும் சுமந்துகொண்டு போயிருக்கிறாய்.

இப்போது என் கதைக்கு வருகிறேன், குஷியான பாகம் இதுதான். ஸ்டென்ட் வைத்த பிறகு ரத்தம் கட்டாமல் இருக்க எனக்கு க்ளோபிடோக்ரல் கொடுத்தார்கள். ஒரு வேளை தவறவில்லை. அப்படியும் மூன்றாவது மாதம் திரும்ப நெஞ்சு வலித்து, ஸ்டென்ட்டிலேயே ரத்தம் கட்டியிருக்கிறது என்று மறுபடி படுக்க வைத்தது உனக்குத் தெரியும், நீதான் அடித்துப் பிடித்து விமானத்தில் வந்தாயே. நீ திரும்பிப் போன மறுநாள் ஒரு சின்ன டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார், உன் வயசுதான் இருக்கும். "மாத்திரையெல்லாம் ஒழுங்கா சாப்பிடறீங்களாம்மா? வேற ஏதாவது சேர்த்து எடுக்கறீங்களா?" என்றார். நான் பழக்கதோஷத்தில், "வேற மாத்திரை எதுவும் இல்லைங்க" என்றேன். அந்தப் பையன் நகரவில்லை. விரலை மடக்கி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்டார். "தலைவலி மாத்திரை? சத்து மாத்திரை? நாட்டு மருந்து? கேஸ் மாத்திரை?" நான் சிரித்துவிட்டேன். "கேஸ் மாத்திரைதானே, அது தினமும் போடறதுதான்" என்றேன். "எது? ஒமிப்ரசோலா?" "ஆமா." அவர் முகம் மாறியதை நீ பார்த்திருக்க வேண்டும். "அம்மா, அதையும் இதையும் சேர்த்துப் போடக் கூடாது. கல்லீரல்ல ரெண்டுத்துக்கும் ஒரே நொதிதான். அது இதை அடைச்சிடும்" என்றார். போதாததற்கு, எனக்கு அந்த நொதி எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ரத்தம் எடுத்து ஜீன் பரிசோதனைக்கு அனுப்பினார்.

ரிசல்ட் வந்தது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார், நான் அதை என் கடைப் பாஷையில் மாற்றிப் புரிந்துகொண்டேன். அந்த நொதியை, கடையில் இருக்கும் இரண்டு பில் கவுண்டர் என்று வைத்துக்கொள். ஒன்று அவரவர் அம்மா கொடுத்தது, இன்னொன்று அப்பா கொடுத்தது. மருந்து உள்ளே வந்தால் இந்தக் கவுண்டரில் கணக்கு முடிந்துதான் வெளியே போக வேண்டும். சிலருக்கு இரண்டும் சுறுசுறுப்பு, சிலருக்கு ஒன்று மந்தம், சிலருக்கு இரண்டுமே மந்தம். எனக்கு இரண்டுமே மந்தமாம். என் இதய மாத்திரை விஷயம் என்னவென்றால், அது கவுண்டரில் சீல் வாங்கினால்தான் வேலைக்கே போகும். என்னிடம் வந்தது பெரும்பாலும் சீல் வாங்காமலே திரும்பிப் போயிருக்கிறது. அதனால்தான் ரத்தம் கட்டியது. இப்போது அந்தக் கவுண்டருக்கே போகாத வேறு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், பிரமாதமாக வேலை செய்கிறது. நான் சந்தோஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். போகும்போது அவர் சாதாரணமாகச் சொன்னார், "உங்களுக்கு ரெண்டுமே ஸ்லோ, அதனால உங்க பையனுக்கு ஒண்ணாவது ஸ்லோ வந்தே இருக்கும்மா. அவருக்கு எப்பவாவது மனச்சோர்வுக்கு எஸிடலோபிராம் மாதிரி ஏதாவது கொடுத்தா டாக்டர்கிட்ட இதைச் சொல்லச் சொல்லுங்க. அதுவும் இதே நொதிதான். ஆனா அது தேங்கும்."

கண்ணா, நான் கட்டிலை விட்டு எழுந்து நின்றுவிட்டேன். கையில் ஊசி குத்தியிருக்கிறது, நர்ஸ் ஓடி வருகிறாள், எனக்கு அதெல்லாம் தெரியவில்லை. என் மாத்திரைக்குக் கவுண்டர் மந்தமானால் மருந்து வேலை செய்யாது. உன் மாத்திரை ஏற்கெனவே வேலை செய்துகொண்டே உள்ளே வருவது, கவுண்டர் மந்தமானால் வெளியே போகாமல் உள்ளேயே சேரும். இன்றைக்குப் போட்டது போவதற்குள் நாளையது, அதற்குள் அதற்கடுத்தது. உள்ளே யாரோ ஓடிக்கொண்டே இருக்கிறார்கள் என்றாயே, அது இதுதான். உங்கப்பா சாயங்காலம் வந்தபோது ரிப்போர்ட்டை நீட்டி விஷயத்தைச் சொன்னேன். அவர் இரண்டு முறை கேட்டுப் புரிந்துகொண்டு, மூக்கைத் துடைத்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார், "அப்போ அந்த ஸ்லோவு இன்னா, உங்க ஊட்டு சைடா?" பத்து வருஷம் பொறுத்திருந்து கேட்ட கேள்வி. நான் ஆமாம் என்றேன். "என் தம்பிக்கு ஒரு போன் போட்டு சொல்லு, பாவம்" என்றார். போட்டேன். உன் சித்தப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை, இருந்தாலும் மன்னித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து நாலாம் நாள், இன்னும் அதிகம் நடக்கக் கூடாது என்று சொல்லியும், உங்கப்பாவை இழுத்துக்கொண்டு ஆட்டோவில் பூந்தமல்லிக்குப் போனேன். அந்த டாக்டரம்மா இன்னும் அங்கேயே இருக்கிறார், தலை முழுக்க நரைத்துவிட்டது, கண்ணாடி அதே கயிற்றில் தொங்குகிறது. உன் பெயரைச் சொன்னதும், "அளவைக் கூட்டி அனுப்பினேனே, அப்புறம் நீங்க வரவே இல்லையே, அந்தத் தம்பி எப்படி இருக்கார்?" என்று முதல் கேள்வியாகக் கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கேஸ் மாத்திரையைச் சொன்னேன், நீ சொன்னதை நான் சொல்லாமல் விட்டதைச் சொன்னேன், ரிப்போர்ட்டைக் காட்டினேன். அவர் கண்ணாடியை மாட்டி இரண்டு முறை படித்தார். "அன்னிக்கு நானும் பேர் சொல்லிக் கேட்டிருக்கணும்மா. இப்பல்லாம் கேஸ் மாத்திரைன்னே கேக்கறேன்" என்றார். அவர் தன் பங்கைப் பொறுக்கி எடுத்துக்கொண்டது எனக்கு என்னமோ போலிருந்தது, என் பங்கு குறையவும் இல்லை.

பிறகு நிறைய சொன்னார், நான் பரீட்சைக்குப் படிப்பது போலக் கேட்டுக்கொண்டேன். வளர்கிற வயசில் உடம்பு ஒரே மாதிரி இருக்காதாம். சில பிள்ளைகளுக்கு மருந்து சாயங்காலத்துக்குள் கரைந்து காணாமல் போய்விடும், சில பிள்ளைகளுக்கு நாள் கணக்கில் தங்கும். இருவரும் ஒரே வகுப்பில், ஒரே எடையில், பக்கத்துப் பக்கத்து பெஞ்சில் இருப்பார்கள். அதனால்தான் சின்ன அளவில் ஆரம்பித்து, மெல்ல ஏற்றி, பிள்ளையின் வாயாலேயே கேட்டுக்கேட்டுப் பார்க்க வேண்டும் என்றார். "என் பையனுக்கு ஏற்பட்டது இதனாலதானே?" என்று நான் பிடிவாதமாகக் கேட்டேன். அவர் உறுதியாகச் சொல்ல மறுத்துவிட்டார். "அன்னிக்கு ரத்தத்துல மருந்து எவ்வளவு இருந்ததுன்னு பாக்கலை. ஒண்ணு மட்டும் நிச்சயம், உங்ககிட்டேருந்து ஒரு மந்தமான ஜீன் அவருக்கு வந்திருக்கு. அப்பாகிட்டேருந்து வந்தது நல்லதா இருந்தா, அதைக் கேஸ் மாத்திரை அடைச்சிருக்கும். அதுவும் மந்தம்னா, கேஸ் மாத்திரை இல்லாமலே தேங்கியிருக்கும். எப்படியும் அந்தத் தவிப்பு நடிப்பு இல்லை" என்றார். எப்படிப் பார்த்தாலும் என்னிடம்தான் வந்து நிற்கிறது பார். பாதி என் ரத்தத்தாலும், மீதி ஒருவேளை என் கையாலும் கொடுத்திருக்கிறேன். சோர்வும் என் வழியில்தான் வந்ததா என்று கேட்டேன். அதற்கும் இந்த ஜீனுக்கும் சம்பந்தம் இல்லை, இது மருந்து வெளியே போகிற வழியைப் பற்றி மட்டும் பேசுகிறது, அதுவும் ஒரு துப்புதான், எல்லாவற்றையும் இது சொல்லிவிடாது என்று என்னைத் திருத்தினார்.

இப்போது புரிகிறதா நான் ஏன் குதிக்கிறேன் என்று? உனக்கு அந்த மருந்தே ஒத்துக்காது என்று நாம் எழுதிய தீர்ப்பு செல்லாது. ஒத்துக்கொள்ளாமல் போனது அளவாக இருக்கலாம், நான் கூடச் சேர்த்ததாக இருக்கலாம். குறைந்த அளவு இருக்கிறது, அந்தக் கவுண்டர் பக்கமே போகாத வேறு மருந்துகள் இருக்கின்றன, மருந்தே இல்லாமல் பேசிப் பேசிச் சரி செய்கிற வழியும் இருக்கிறது, எது உனக்கு என்று பார்த்துச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். நீ கதவை மூடிவிட்ட அறைக்கு இத்தனை வாசல் இருக்கிறதடா. என் மாத்திரையை மாற்றியதும் எனக்கு எப்படி உயிர் வந்ததோ, அப்படி உனக்கும் வரும் என்று என் மனசு அடித்துச் சொல்கிறது. மெடிக்கல் ஷாப்காரியாக இதைச் சொல்லவில்லை. அந்த வேலையை விட்டாகிவிட்டது, கேஸ் மாத்திரை அட்டையும் உப்பு ஜாடி பக்கத்திலிருந்து போய்விட்டது, அங்கே இப்போது கடுகு டப்பா இருக்கிறது. உங்கப்பா ஏப்பம் விட்டுக்கொண்டு அதைத் தேடுகிறார்.

நான் உன்னைக் கேட்பது ஒன்றுதான். போ. அங்கே நல்ல டாக்டர் ஒருவரைப் பார். காலையில் எழத் தோன்றவில்லை என்று என்னிடம் சொன்னதை அவரிடம் சொல், செத்தாலும் என்று சொன்னதையும் சொல். அந்த வார்த்தைக்கு உள்ளே ஏதாவது உண்மை இருந்தால் டாக்டரிடம் போகிற நாள் வரைக்கும்கூடக் காத்திருக்காதே. எந்த நேரமானாலும் எங்களைக் கூப்பிடு, அடுத்த வண்டியில் நாங்கள் அங்கே இருப்போம். உங்கப்பா துணி கூட மடித்து வைத்துவிட்டார், நடக்க வேண்டியிருந்தால் என்று கேன்வாஸ் ஷூவையும் எடுத்து வைத்திருக்கிறார். கூட வா என்று நீ சொன்னால் வருவேன், ஆனால் டாக்டர் அறைக்கு உள்ளே வர மாட்டேன். வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். அங்கே என்ன கேட்டாலும் நீயே பதில் சொல். பதினாறு வயதில் உன் வாயிலிருந்து நான் பிடுங்கிக்கொண்ட பேச்சு அது, இன்றைக்கு உன்னிடம் திருப்பித் தருகிறேன். நீ நடிக்கவில்லை, கண்ணா. அன்று நீ சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. தோசைக் கல்லைப் பார்த்துக்கொண்டு நான் சொன்னதுதான் பொய்.

இத்துடன் ஒரு பழுப்பு கவர் வைத்திருக்கிறேன், கடையில் கடைசி நாள் ஞாபகத்துக்கு எடுத்து வந்தது. பிரித்துப் பார், மாத்திரை எதுவும் இருக்காது. என் ரிப்போர்ட்டின் நகல் மடித்து வைத்திருக்கிறது. கவருக்கு மேலே உன் பெயரை எழுதியிருக்கிறேன். அதற்குக் கீழே, "அம்மாவுக்கு இரண்டும் மந்தம், மகனுக்கு ஒன்றாவது மந்தம். கேஸ் மாத்திரை உண்டா என்று பெயர் சொல்லிக் கேட்கவும்" என்று என் பழைய கடைக் கையெழுத்தில் எழுதியிருக்கிறேன். டாக்டரிடம் அப்படியே நீட்டு. பதினெட்டு வருஷத்தில் எத்தனையோ கவர் எழுதியிருக்கிறேன், காலை, மதியம், இரவு என்ற அந்த மூன்று கட்டங்களை நிரப்பாமல் ஒன்றைக்கூட நீட்டியதில்லை. இதில் மூன்றையும் காலியாக விட்டிருக்கிறேன். அதை நீ அவரிடம் பேசிய பிறகு, நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து எழுதுங்கள்.

உன் அம்மா